வீட்டிலேயே சைலன்சர் மாற்றலாமா?

காரில் முக்கியமான பாகம் எது என்று பத்து பேரிடம் கேட்டால் இன்ஜின் என்பார்கள், பிரேக் என்பார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் டயர் என்பார்கள். சைலன்சர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பாவம், அதன் ராசி அப்படி. ஓட்டை விழுந்து டிராக்டர் மாதிரி உறுமத் தொடங்கிய பிறகுதான் அப்படி ஒன்று வண்டிக்கு அடியில் தொங்குவதே ஞாபகத்துக்கு வரும். அப்போதும் "சத்தம்தானே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று ஆறு மாதம் தள்ளிப்போடுவார்கள்.

பிரச்சினை சத்தம் மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். சென்னைக்கு வடக்கேயும் மேற்கேயும் கார் செய்வது புதுக் கதை இல்லை. 1948-லேயே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. அதுதான் 1955-க்குப் பிறகு அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் போனது. திருவள்ளூர் பக்கம் கார் வந்தது 1998-ல். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே தொழிற்சாலை போட்டு மிட்சுபிஷி லான்சரை இறக்கியது. அப்போது லான்சர் என்றால் ஒரு கெத்து! பிறகு அதே வளாகத்தில் சில வருடங்கள் இசுசு வண்டிகளும் பூட்டப்பட்டன. 2016-ல் இசுசு, கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை திறந்து போய்விட்டது. 2021-ல் திருவள்ளூரிலிருந்து சிட்ரோயன் கார்கள் வரத் தொடங்கின.

வாசலில் பெயர்ப் பலகை மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் விற்ற வண்டி விற்றதுதானே? இருபது வயது தாண்டிய லான்சர்கள் இன்னும் திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கு சைலன்சர் வேண்டுமென்றால் எந்த ஷோரூமில் போய் நிற்பது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பி மில்லில் ஃபிட்டராக வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீடு கவரைப்பேட்டை. கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2004 லான்சர். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இவர் 2019-ல் ஒரு முறை, 2024-ல் ஒரு முறை புதுப்பித்தாகிவிட்டது. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது வேறு கதை. அடுத்தது 2029. அதுவரை வண்டி ஓட வேண்டும், அன்றைக்குத் தேறவும் வேண்டும். இந்த நேரத்தில் சைலன்சர் உறுமுகிறது. ஸ்பேனர் பிடித்த கை, ஞாயிற்றுக்கிழமை லீவு. "நாமே மாற்றினால் என்ன?" என்று தோன்றுவது இயற்கைதானே?

மாற்றலாம். ஆனால் எது கெட்டுப்போனது, ஏன் கெட்டுப்போனது என்று தெரிந்துகொண்டு படுப்பது நல்லது (வண்டிக்கு அடியில்தான்!).

பேச்சுவழக்கில் மொத்தத்தையும் சைலன்சர் என்கிறோம். உண்மையில் அது ஒரு வரிசை. இன்ஜினை ஒட்டி மேனிஃபோல்டு. அடுத்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதை ஒட்டி ஆக்ஸிஜன் சென்சார். பிறகு ஒரு சின்ன டப்பா, நீளமான குழாய், கடைசியில் பெரிய டப்பா. அந்தப் பெரிய டப்பாதான் நிஜமான சைலன்சர். உள்ளே தடுப்புகளும் ஓட்டை போட்ட குழாய்களும் இருக்கும். ஒலி அலைகள் அங்கே மோதித் திரும்பி ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். எல்லாவற்றையும் வண்டியின் அடியில் தாங்கிப் பிடிப்பது நாலைந்து ரப்பர் வளையங்கள்.

இது ஏன் துருப்பிடிக்கிறது? எண்ணூர், பழவேற்காடு பக்கத்து உப்புக்காற்று ஒரு காரணம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் பெரிய எதிரி உள்ளேயே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்வதால் வருவது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் சூடாகி, அது ஆவியாக வெளியே போய்விடும். ஸ்டேஷன் வரைக்கும், மார்க்கெட் வரைக்கும் என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் அது டப்பாவுக்குள் தண்ணீராகத் தேங்கும். புகையில் இருக்கும் அமில வாயுக்கள் அதில் கரையும். உள்ளிருந்து அரிக்கும். அதனால்தான் "வண்டியை அதிகம் ஓட்டறதே இல்லை, எப்படி சைலன்சர் போச்சு?" என்று பலர் ஆச்சரியப்படுகிறார்கள். அதிகம் ஓட்டாததால்தான் போச்சு!

சரி, ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்?

காரின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆசையாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், தூக்கம். பயணத்தில் இதெல்லாம் வந்தால் "வெயில் ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போடுவோம். சைலன்சர் வேலை சத்தத்தை அடக்குவது மட்டும் இல்லை. இந்த விஷத்தை ஆட்கள் உட்காரும் இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பின்னால் விடுவதும்தான். நடுவழியில் ஓட்டை என்றால் அது காலுக்கு அடியிலேயே வெளியே வருகிறது. பழைய வண்டியின் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி இருந்தால், கியர் பூட் கிழிந்திருந்தால், டிக்கி ரப்பர் காய்ந்திருந்தால் அது உள்ளே வர வழி தேடவே வேண்டாம்.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் நுழைந்ததுதான் காரணம் என்று பிறகு நடந்த ஆய்வில் தெரிந்தது. அது ஜெனரேட்டர், இது கார். விஷம் ஒன்றுதான். வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்கும் பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. ஓட்டை சைலன்சரோடு அதைச் செய்வது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

"புகை சர்டிஃபிகேட் இருக்கே" என்று ஒருவர் கேட்கலாம். அந்தப் பரிசோதனையில் கருவியின் முனையை வாலில், அதாவது டெயில் பைப்பில் விட்டு அளக்கிறார்கள். பி.எஸ். 2, 3 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், பி.எஸ். 4 காருக்கு 0.3 சதவீதம் என்று வரம்பு. வாலில் என்ன வருகிறது என்பதை அது சொல்லும். நடுவில், டிரைவர் சீட்டுக்கு அடியில் என்ன கசிகிறது என்பதைச் சொல்லாது. அந்தப் பேப்பரை நம்பி ஓட்டையை விடக்கூடாது.

இனி வேலைக்கு வருவோம்.

உதிரி பாகத்துக்கு, கிடைக்காத பழைய மாடல் என்றால் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த வழி புதுப்பேட்டை. அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது டப்பாவைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் பரவாயில்லை. மொத்தென்று கேட்டாலோ, ஆட்டும்போது உள்ளே கலகலவென்று தகடு உருண்டாலோ வேண்டாம். வெல்டிங் ஓரங்களை ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பார்ப்பதும் நல்லது. எதை மறந்தாலும் புது கேஸ்கெட், புது போல்ட் நட்டு, புது ரப்பர் வளையம் இந்த மூன்றையும் வாங்க மறக்கக்கூடாது. பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடுவது, பாதி வேலையை வேண்டுமென்றே விட்டுவைப்பது மாதிரி.

முந்தின நாள் ராத்திரியே எல்லா நட்டுகளையும் ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட வேண்டும். காலையில் இன்னொரு முறை. தொழிற்சாலையில் இதே சைலன்சரைப் பூட்டியது பளபளப்பான புது போல்ட்டில். வீட்டில் கழற்றுவது இருபது வருடம் சூட்டிலும் தண்ணீரிலும் வெந்த போல்ட்டை. வீட்டு வேலையில் பூட்டுவது சுலபம், கழற்றுவதுதான் வேலை.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. வண்டியைச் சமதரையான, கெட்டியான தரையில் நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக், கியர், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு. அது தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. தாங்க இரும்பு ஸ்டாண்டு வேண்டும். சேசிஸில் சரியான இடத்தில் கொடுத்து, வண்டியை இறக்கி, நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் கூடவே கூடாது. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதும் அவசியம், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க மட்டும் அல்ல.

இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். ஓடும்போது மேனிஃபோல்டு பக்கம் பல நூறு டிகிரி சூடு போகும். ஆற ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். கண்ணாடி போடாமல் மேலே பார்த்துத் துருவைத் தட்டினால் அது எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை.

கழற்றுவது பின்னாலிருந்து முன்னால். ரப்பர் வளையங்களுக்கு சோப்புத் தண்ணீர் தடவி நெம்பினால் வழுக்கி வரும். எண்ணெய் போட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். டப்பாவுக்கு அடியில் ஏதாவது முட்டு கொடுத்துவிட்டு கடைசி வளையத்தை எடுக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தமும் நெஞ்சில் இறங்கும். நட்டு முனை மழுங்கினால் ரிங் ஸ்பேனர், அதற்கும் வரவில்லையென்றால் ஹேக்ஸா பிளேடு. பெட்ரோல் டேங்க் பக்கத்தில் கிரைண்டர் போட்டுப் பொறி பறக்கவிடுவதெல்லாம் சினிமாவில் நடக்கட்டும்.

எங்கே நிறுத்திக்கொள்வது என்று தெரிவதும் ஒரு திறமைதான். மேனிஃபோல்டில் இருக்கும் ஸ்டட் அசையவே மாட்டேன் என்றால் பலம் காட்டக்கூடாது. "கை வெச்சா ஒடிஞ்சுடும்ணா" என்று மெக்கானிக் சொல்வது சும்மா இல்லை. ஸ்டட் உள்ளே ஒடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வேலை, லேத் கடை வேலையாகிவிடும். பின்பக்க டப்பாவையும் குழாயையும் வீட்டில் மாற்றலாம். மேனிஃபோல்டையும் வெல்டிங்கையும் கடைக்கு விட்டுவிடலாம். அங்கே வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வண்டியின் கம்ப்யூட்டருக்கு அடி விழலாம்.

பூட்டும்போது முன்னாலிருந்து பின்னால். முதலில் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டித் தொங்கவிட வேண்டும். எங்கேயும் முட்டவில்லை, வண்டியின் அடியைத் தொடவில்லை, பிரேக் குழாய்க்கும் பெட்ரோல் குழாய்க்கும் இடைவெளி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முறுக்க வேண்டும். ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால்தான் கேஸ்கெட் ஒரே சீராக உட்காரும்.

இப்போது ஸ்டார்ட் செய்தால் சத்தம் இருக்காது. நம் ஃபிட்டர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். இல்லை! உண்மையான வேலை இங்கேதான்.

சத்தம் போனால் கசிவு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. சின்னக் கசிவு காதுக்குக் கேட்கவே கேட்காது. வண்டியை வெட்டவெளிக்குக் கொண்டுவந்து (போர்டிகோவிலோ ஷட்டர் போட்ட ஷெட்டிலோ, மேலே படுக்கையறை ஜன்னல் இருக்கும் இடத்திலோ அல்ல), குழாய் சூடாவதற்கு முன் ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் விட வேண்டும். கேஸ் சிலிண்டருக்குப் பார்ப்போமே, அதே மாதிரி. உதவிக்கு இருக்கும் ஆள் டெயில் பைப்பை ஈரத் துணியால் சில விநாடி பாதி அடைத்துப் பிடித்தால் உள்ளே அழுத்தம் கூடி, கசியும் இடத்தில் குமிழி நன்றாகவே தெரியும். சிலர் ஊதுபத்தி காட்டிப் பார்க்கச் சொல்வார்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் நெருப்பு எதற்கு? சோப்பு போதும். குமிழி வந்தால் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். பத்து நிமிடச் சூட்டுக்குப் பிறகு உலோகம் விரிந்து சுருங்கும். ஆறியதும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்ப்பது நல்லது.

ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. புகை விட்டு விட்டு வருவதால் அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். சென்சார் "ஆக்ஸிஜன் அதிகமா இருக்கு, பெட்ரோல் பத்தலை" என்று தப்பாகப் புரிந்துகொண்டு இன்னும் பெட்ரோலை ஊற்றச் சொல்லும். மைலேஜ் போகும், புகை கூடும்.

ஒரு குறுக்குவழியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். "கன்வெர்ட்டரைத் தூக்கிட்டு வெறும் பைப் போட்டா பிக்கப் சூப்பரா இருக்கும்" என்று அறிவுரை சொல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995 ஏப்ரலில். பெட்ரோலில் இருக்கும் ஈயம் அதைக் கெடுத்துவிடும் என்பதால்தான் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நிறுத்தப்பட்டது. உள்ளே இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சுதான் கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அதைத் தூக்கிவிட்டால் விஷத்தை அப்படியே பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் விடுகிறோம். சட்டமும் விடாது: மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் சத்தம், புகை விதிகளை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

கடைசியாக, கழற்றிய பழைய சைலன்சர். அதைக் காயலான் கடையில் போட்டால் இரும்பு விலை கிடைக்கும். கன்வெர்ட்டரும் மாற்றியிருந்தால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும், விலை உயர்ந்த உலோகம் உள்ளே இருப்பதை இரும்போடு சேர்த்து எடைக்குப் போடுவது ஏமாளித்தனம் :-) மற்ற துருப்பிடித்த தகடு எங்கே போகும்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் மின் உலைகள் நிறைய இருக்கின்றன. திருவள்ளூரில் பூட்டிய காரின் சைலன்சர் அங்கே உருகி, யாரோ ஒருவர் வீட்டு லின்டலில் கம்பியாகப் போய் உட்காரலாம். அதை உருட்டும் மில், நம் ஃபிட்டர் வேலை செய்யும் மில்லாகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு.

இரும்புக்கு இன்னொரு பிறவி உண்டு. வண்டிக்குள் உட்காருபவர்களுக்கு அது கிடையாது. அதனால் ஒரு ஞாயிறு முழுக்கப் போனாலும் பரவாயில்லை, அந்த சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழிகூட வராத வரை ஸ்பேனரைப் பெட்டியில் போட வேண்டாம்.